கொம்பில்லாத மான்

அந்தோணி, இந்த ஒரு பக்கத்தை மட்டும் நீயே படி. ஸ்டெல்லாவிடம் கொடுக்காதே. பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு வயது வரை நீ படித்த தமிழ் இதற்குப் போதும். மானைச் சுட்டது யார் என்று ஸ்டெல்லாவிடம் நீ சொல். சொன்ன பிறகு மற்றப் பக்கங்களை அவள் கையில் கொடு. அவள் வாசிக்கட்டும். நீ கேள். சொல்வதற்கு முன் கொடுக்காதே.

ஸ்டெல்லா, இதை வாசித்துக் காட்டுகிற வேலை உன் தலையில் விழுந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, அம்மா. நான் சொல்லச் சொல்ல உன் மாமியார் எழுதுகிறாள், நீ வாசிக்கிறாய், அவன் கேட்கிறான். எங்கள் வீட்டில் ஒரு கடிதம் போய்ச் சேர இத்தனை பேர் வேண்டியிருக்கிறது. இதில் 'நீ' என்று வருகிற இடமெல்லாம் அவன்தான். உனக்கென்று சொல்ல வேண்டியதை உன் பெயரைச் சொல்லியே சொல்வேன்.

அந்தோணி, உன் கல்யாணம் முடிந்து இன்றோடு மூன்று வாரம். கோயிலில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. சாயங்காலம் ஹாலில் சாப்பாட்டுக்கு முன்னால் நீ மைக்கைக் கையில் எடுத்தாய். என்னைக் கை காட்டி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாய். நீ நாலு வார்த்தை பேசுவதற்குள்ளேயே எதைச் சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'என் அப்பா பெரிய வேட்டைக்காரர், கிடா மான் மட்டும் சுடலாம் என்று சட்டம், இவர் போய்ப் பெட்டை மானைச் சுட்டார், ஏனென்றால் அந்தச் சட்டப் புத்தகத்தை அவரால் வாசிக்க முடியாது.' இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினாய். ஹால் முழுக்கச் சிரித்தது. சன்னிவேலிலிருந்து வந்த உன் ஆபீஸ் நண்பர்கள் மேசையைத் தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவின் அப்பா என் பக்கம் சாய்ந்து, "என்ன சம்பந்தி, நெசமாவே பொட்டை மானையா போட்டீங்க?" என்றார். நல்ல மனுஷர், கேலியாகக் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வந்த பிரியாணி எனக்கு எந்த ருசியும் இல்லாமல் இறங்கியது.

அந்தச் சிரிப்போடு போயிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. மறுநாள் ஏர்போர்ட்டில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அடுத்த தடவை வர்றப்போ நான் உங்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தரட்டுமா? ரொம்ப ஈஸி மாமா," என்றாள். ஸ்டெல்லா, நீ நல்ல மனதோடுதான் கேட்டாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்த மருமகள் என்னைப் பற்றி அறிந்துகொண்ட முதல் விஷயம், எனக்கு எழுத்துத் தெரியாது என்பது. இரண்டாவது விஷயம், படிக்கத் தெரியாததால் நான் ஒரு மானைக் கொன்றேன் என்பது. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது என் மகன்.

எண்பத்து நான்கில் நாம் ஹூஸ்டனுக்கு வந்தோம். நர்ஸாக இருந்த உன் அத்தைதான் எழுதிப் போட்டு வரவழைத்தாள். தூத்துக்குடியில் ஆட்டுக்கறிக் கடையில் கத்தி பிடித்த கை என்னுடையது. அதனால் ஊருக்கு வெளியே டேல் என்பவர் வைத்திருந்த இறைச்சிக் கடையில் வந்த மாதமே வேலை கிடைத்தது. மற்ற மாதங்களில் மாடும் பன்றியும். நவம்பர் பிறந்தால் மான். வேட்டைக்குப் போனவர்கள் சுட்ட மானை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். இவ்வளவு துண்டு, இவ்வளவு கொத்துக்கறி, இவ்வளவு சாசேஜ் என்று டேல் ஒரு சீட்டில் எழுதி மான் காலில் கட்டுவார். அந்தச் சீட்டை என்னால் படிக்க முடியாது என்று ஏழு வருடம் டேலுக்குத் தெரியாது. வேட்டைக்காரன் கவுண்டரில் வாய் திறக்கும்போது நான் பக்கத்தில் எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பேன். அவன் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, சீட்டுக் கட்டிய அதே நூலில் முடிச்சுப் போட்டுவிடுவேன். சாசேஜுக்கு ஒரு முடிச்சு, துண்டுக்கு இரண்டு, கொத்துக்கறிக்குச் சுருக்கு. நாற்பது மான் தொங்கினாலும் ஒன்று மாறாது. இது எங்கள் ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று டேல் நினைத்தார். வருகிறவர்களிடம் அந்த நூலைத் தூக்கிக் காட்டி என்னைப் புகழுவார். நான் அதைத் திருத்தவில்லை. எனக்கு அந்த முடிச்சுகளில் ஒரு மரியாதை இருந்தது.

கடைக்கு வெளியே எனக்கு வாயும் கண்ணும் நீதான். எட்டு வயதில் உன்னை பாங்குக்கு இழுத்துப் போனேன். ஒன்பது வயதில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது, அதை எனக்குச் சொன்னதும் நீதான். அந்த வார்த்தைக்குத் தமிழ் தெரியாமல் உன் வயிற்றையே தொட்டுக் காட்டினாய். ஒரு ஆபீஸில் பாரத்தைத் தப்பாக நிரப்பினாய் என்று அந்த அம்மாள் உன்னைத் திட்டினாள். திட்டு எனக்கு விழ வேண்டியது. நீ கண்ணில் தண்ணீரோடு நின்றாய், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வருகிற வழியில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அது என் தப்பு. நீ சுமந்தாய்.

இன்னொரு தப்பும் இருக்கிறது. உனக்குப் பதினொரு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு உன்னைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னாள். முகம் கடுகடு என்று இருந்தது. நீ எனக்குத் தமிழில் சொன்னாய், "கிளாஸ்ல நல்லாப் பேசறேனாம்ப்பா." அத்தை பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வகுப்பில் பேசிப் பேசி மற்றப் பிள்ளைகளைப் படிக்க விடமாட்டேன் என்கிறாய் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். அம்மா அடிக்க வந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டேல் கடையில் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அதைச் சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீயும் அங்கே இருந்தாய். அப்பனுக்குத் தப்பாகச் சொன்னால் அப்பன் சிரிப்பான் என்று உனக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான்.

உன் தமிழில் ஒரு கோணல் உண்டு. 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாங்க' என்பாய். "அப்பா, நாங்க சாப்பிடலாமா?" என்று பக்கத்தில் வந்து உட்காருவாய். அம்மா உடனே, "நீங்க சாப்பிடுங்கய்யா, நாங்க அப்புறமாச் சாப்பிடுறோம்," என்று தட்டைத் தள்ளி வைப்பாள். உனக்கு அந்தக் கேலி புரியாது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கிறவனும் உள்ளே இருந்தால் 'நாம'. கேட்கிறவன் வெளியே நின்றால் 'நாங்க'. நீ தலையாட்டுவாய், அடுத்த வேளையே மறுபடி, "நாங்க கிளம்பலாமாப்பா?" இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்று அத்தை சொன்னாள். அப்படி ஒரு மொழியில் யார் உள்ளே, யார் வெளியே என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்களோ.

வேட்டைக்குப் போன கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், நான் உன்னிடம் சொன்ன பொய்யை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. உனக்குப் பத்து வயதில், டேலின் கடைச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நீங்க எப்பவாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டாய். "ஒண்ணா ரெண்டா, மலையில காட்டுப் பன்னி சுட்டிருக்கேம்ல," என்றேன். உன் கண் விரிந்தது. அதைப் பார்க்க ஆசைப்பட்டு, வருடத்துக்கு ஒரு பன்றியாகக் கூட்டிக்கொண்டே போனேன். அந்தோணி, நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. யாரோ சுட்டுக் கொண்டுவந்த பன்றியை வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நீ உன் சிநேகிதர்களிடம் அதைச் சொல்லி, அது டேல் காதுக்குப் போய், தொண்ணூற்றொன்றில் அவர், "யூ அண்ட் யுவர் பாய், கம் வித் மீ," என்றார். லானோ பக்கத்தில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த காடு. உனக்குப் பதினைந்து வயது. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நீ அதற்காக இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போனாய், பரீட்சை எழுதினாய், அட்டை வாங்கி வந்தாய். எனக்கு வயதாகிவிட்டதால் அந்த வகுப்பு வேண்டாம் என்றார்கள். ஆக, நம் இரண்டு பேரில் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் நீ. இரவு சாப்பிடும்போது எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாய். அந்தக் காட்டில் கொம்புள்ள கிடா மட்டும்தான், பெட்டையைத் தொட்டால் குற்றம் என்று நீ சொல்லித்தான் எனக்கு முதலில் தெரியும். பிறகு டேலும், எனக்குப் புரிய வேண்டுமே என்று தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். விரலை மடக்கிவிட்டு, "நோ ஹார்ன்ஸ், நோ ஷூட்," என்றார். அதைப் புரிந்துகொள்ள எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விடிவதற்கு முன்னால் டேல் நம் இருவரையும் ஒரு பரணில் ஏற்றிவிட்டு, தூரத்தில் இருந்த தன் பரணுக்குப் போய்விட்டார். மரப்பெட்டி மாதிரி ஒரு பரண், இரண்டு நாற்காலி, ஒரு துப்பாக்கி. முதலில் அதை என் கையில்தான் கொடுத்தார். அவர் வண்டி மறைந்ததும் நான் உன்னிடம் நீட்டினேன். "நீயே வச்சுக்கோ. எனக்கு இதெல்லாம் பழசு," என்றேன். மகனுக்கு விட்டுக்கொடுக்கிற அப்பா என்று நினைத்து நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதைப் பிடிக்கவே தெரியாது, அதனால் கொடுத்தேன். அந்தக் குளிரில் ஃபிளாஸ்க்கில் அம்மா போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தோம். நீ என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மீசை முளைத்த பிறகு நீ என் மேல் சாய்ந்தது அன்று ஒரு நாள்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அந்தப் பயணத்தை நான் முழுக்கத் தள்ளிவிட முடியாமல் இருக்கிறேன்.

வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வந்தபோது புதர் ஓரத்தில் ஒரு மான் தலையைத் தூக்கியது. பின்னால் ஒரு காய்ந்த கிளை. உனக்கு அது கொம்பாகத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. உடம்பின் வாகைப் பார்த்தே பெட்டையா கிடாவா என்று சொல்லுகிறவன் நான். அது பெட்டை. சத்தம் போடாமல் உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். நீ சுட்டுவிட்டாய். அது இரண்டு எட்டு வைத்து முன்னங்காலை மடக்கி விழுந்தது. நீ குதித்து இறங்கி ஓடினாய். நான் போய்ச் சேரும்போது நீ அதன் தலையைத் தூக்கி, காதுக்குப் பின்னால் தடவித் தேடிக்கொண்டிருந்தாய், கொம்பு எங்கேயோ ஒளிந்திருக்கிற மாதிரி. நான் மடியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பால் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

"அப்பா, என்னைப் பிடிச்சிட்டுப் போவாங்களா?" என்று கேட்டாய். உன் பல் தந்தி அடித்தது.

"போய் டேல்ட்ட சொல்லுவோம். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லுவோம்."

"ஐ கான்ட், அப்பா. லைசென்ஸ் போயிடும். ஸ்கூல்ல தெரிஞ்சிடும்."

"ஏல, எதுக்கு நடுங்குற? நான் இருக்கேம்ல."

நான் இருக்கேம்ல. இந்த வார்த்தையை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று பத்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் பக்கத்தில் நிற்பேன் என்றுதான் நான் சொன்னேன். உன் இடத்தில் நிற்பேன் என்று நீ எடுத்துக்கொண்டாயோ என்னவோ.

டேலைத் தேடிப் போவதற்குள் டேலே வந்துவிட்டார். கூடவே கேம் வார்டன், வேட்டைச் சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற போலீஸ்காரர். அந்தப் பக்கம் ரோந்து வந்தவர், வெடிச் சத்தம் கேட்டு டேலோடு ஏறியிருக்கிறார். வயசானவர், மரியாதைக்காரர். மானைப் பார்த்தார், உன்னைப் பார்த்து, யார் சுட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது, யார் கையிலும் இல்லை. நீ அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, "மை டேட் டிட்," என்றாய். அதற்குப் பிறகு, அவர் கேட்காமலேயே, "ஹி கான்ட் ரீட், சார்," என்றாய்.

அந்தோணி, ஏழு வருடம் கவுண்டர் ஓரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவன் நான். டேட் என்றால் தெரியும். ரீட் என்றால் தெரியும். எனக்குத் தெரியாது என்று நீ நினைத்தாய். வார்டன் என் பக்கம் திரும்பி, இந்த மானைச் சுட்டது நீங்களா என்று மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தமிழில் எனக்குச் சொன்னாய், "மான் இங்கதான் விழுந்துச்சான்னு கேக்காருப்பா." அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் இருந்த அதே முகம். நான் வார்டனைப் பார்த்து, "யெஸ் சார்," என்றேன்.

அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் பதில் சொன்னேன். நீ சொன்ன கேள்விக்கு அல்ல. என்னை ஏமாற்றிவிட்டதாகப் பத்து வருடமாக நீ உள்ளுக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தால், அதை இன்று எடுத்துப் போட்டுவிடலாம். நான் ஏமாறவில்லை. தெரிந்தேதான் தலையாட்டினேன்.

இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் இன்றுதான் தெரியும். "பத்து வருசமா எங்கிட்டகூடச் சொல்லலியே," என்றாள். பெட்டை மானைச் சுட்ட வீரன் என்று இத்தனை நாளும் கறி வாங்கி வரும்போதெல்லாம் அவளும் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். "சொல்லுங்க, எழுதுறேன்," என்றாள். எழுதுகிறாள்.

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. வண்டிச் சத்தம் கேட்டபோதே, அப்பா, நீங்க சுட்டதாச் சொல்லிடுங்க என்று ஒரு வார்த்தை காதில் போட்டிருந்தால், நானே முன்னால் போய் நின்றிருப்பேன், மார்பைத் தட்டிக்கொண்டு. என் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாய். அதுவாவது போகட்டும், பயந்த பிள்ளை, கைக்கு எட்டியதை எடுத்துப் போர்த்திக்கொண்டாய். ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அவர்கள் யாரும் கேட்கவில்லை. அது நீயாக எடுத்துக் கொடுத்தது. நம் வீட்டுக்குள் மூன்று பேருக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்தது. அதை வெளியே கொண்டுபோனவன், என்னிடம் பள்ளிக்கூடத்து அட்டையில் கையெழுத்து வாங்க, எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுகிற என் மகன்.

திரும்பி வரும்போது டேல் வண்டியில் ரேடியோ போடவில்லை. நான் உன் பக்கம் குனிந்து, "என்னல சொன்ன அவர்ட்ட?" என்று கேட்டேன். உனக்கு ஒரு வழி திறந்து விட்டேன் என்று வைத்துக்கொள். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "நாம சுட்டோம்னு சொன்னேன்ப்பா."

நாம. அத்தனை வருடமும் உன் வாயில் சரியாக வராத வார்த்தை, அன்றைக்குச் சரியாக வந்தது.

டேல் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு மான் வரும்போதும் சீட்டைக் கையில் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினார். சீட்டில் சின்னச் சின்னப் படம்கூட வரைந்தார். நான் முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டேன். அவருக்கு அந்த முடிச்சு எதற்கு என்று இப்போது தெரியும், இனிமேல் அதைப் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. போன வருடம் அவர் இறந்துபோனார். நல்லடக்கத்துக்கு நீ சன்னிவேலிலிருந்து பூ அனுப்பினாய். படிக்கத் தெரியாமல் பெட்டை மானைச் சுட்ட அப்பாவி மனுஷன் என்றே என்னை நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவரிடம் இனி யாரும் எதையும் திருத்த முடியாது.

சின்ன வயது, பயம், அதைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு கஷ்டப்படுவான் பாவம், என்றாவது ஒரு நாள் வந்து சொல்வான் என்று நினைத்திருந்தேன். தொண்ணூற்றொன்பது கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது என் சிட்டிசன்ஷிப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தாய். வயதும் இங்கே இருந்த வருடமும் சேர்ந்ததால் ஆங்கிலம் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் நான் அந்தப் பாரத்துக்கே சம்மதித்தேன். ஒரு கேள்வி வந்தது, எப்போதாவது உங்கள் மேல் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதியிருக்கிறார்களா என்று. நீ தலையைத் தூக்காமல், "அந்த மான் மேட்டரைப் போடணும்ப்பா. நீங்க சுட்டீங்கல்ல, அது," என்றாய். எழுதினாய். நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இவன் மறைக்கவில்லை, மறந்துவிட்டான். அந்தக் காலையை அவன் எனக்கே எழுதி வைத்துவிட்டான். நான் ஒருவன்தான் அதை இன்னும் உள்ளபடி வைத்திருக்கிறேன், எழுத்தில்லாமல்.

கல்யாண ஹாலில் நீ பேசியது அதனால்தான் அவ்வளவு சரளமாக இருந்தது. உன் மேல் எனக்கு என்ன வருத்தம் என்றுகூட உனக்குத் தெரிந்திருக்காது. அன்பாகத்தான் பேசினாய். மைக்கை வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஐ லவ் யூ, அப்பா," என்றாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டின கை என்னுடையதுதான், மனசு அதோடு வரவில்லை.

நீ ஹாலில் சிரித்த அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திருத்த வேண்டாம். அவர்கள் அன்றே மறந்திருப்பார்கள். ஸ்டெல்லா மறக்க மாட்டாள், அவளுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்குத் தாத்தா கதை என்று இதைத்தான் சொல்வாள். அதனால்தான் அவளிடம் மட்டும் சொல்லச் சொன்னேன். புதிதாகக் குடும்பம் நடத்தப் போகிறவனுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பயம் வந்தால் பயம் என்று அவளிடம் சொல். அவளுடைய பலவீனம் ஒன்று உனக்குத் தெரிய வரும், எல்லாருக்கும் ஒன்று இருக்கும். நீ மாட்டிக்கொள்கிற நாளில் அதை எடுத்து அடுத்தவன் கையில் கொடுக்காதே.

இதை நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால், இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அம்மா பெரிதாக எழுதிய பக்கத்தை நீ எழுத்துக் கூட்டிப் படித்து, ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, மற்றதைக் கொடுத்திருப்பாய். இல்லாவிட்டால், ஆபீஸிலிருந்து வந்த அலுப்பில் கவரைப் பிரித்து, எல்லாப் பக்கத்தையும் சேர்த்து அவள் கையில் கொடுத்து, அப்பா என்னமோ எழுதியிருக்காரு, பாரேன் என்றிருப்பாய். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும். ஸ்டெல்லா, நீ எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றாயே, அதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வேண்டாம், அம்மா. எது நடந்தது என்று மட்டும் என்றாவது ஒரு நாள் போனில் சொல். போதும்.

அந்தோணி, அவள் நான் சொன்னதை அப்படியே வாசித்தாளா, உன் முகம் போகிற போக்கைப் பார்த்து நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாளா என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. கடைசிப் பக்கம் வரை அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு அப்படித்தான் நின்றேன். எனக்காவது அந்த மொழியில் நாலு வார்த்தை காதில் ஏறியிருந்தது.

கீழே இருக்கிற கையெழுத்து மட்டும் அம்மா போட்டதல்ல. பெயர் மட்டும் தமிழில் வரைய எனக்குத் தெரியும், நீ பார்த்திருக்கிறாய். அன்றைக்கு வார்டன் என் பெயரில் எழுதிக் கொடுத்த அபராதச் சீட்டில், உன் விரல் காட்டிய இடத்தில், இதே கையெழுத்தைத்தான் போட்டேன்.